ராட்சச கணமும் ஸ்லிதரின் வீடும்

எங்கள் காம்பவுண்டில் நந்தினி என்ற பெயரில் ஒருத்தியும் கிடையாது. ஆனால் நந்தினிகள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி மூன்றாம் நம்பர் வீட்டுக்கு வந்த புது மருமகள். இன்னொருத்தி, குழாயடியில் யாரோடும் சண்டை போடாமலே தன் குடத்தை முதலில் நிரப்பிக்கொண்டு போய்விடுகிறவள். பட்டம் கொடுத்தவர் என் பெரியம்மா. வாங்கியவர்களுக்குக் கடைசிவரை விஷயம் தெரியாது.

இது 1970களின் பெங்களூர் அல்சூர். ஏரிக்கும் சோமேசுவரர் கோயிலுக்கும் நடுவே ஒரே வாசல், ஒரே குழாய், எட்டு வீடு. வாரப் பத்திரிகைகள் மெட்ராஸிலிருந்து ரயிலில் வரும். எட்டு வீட்டையும் சுற்றிவிட்டு அட்டை கிழிந்து திரும்பும். பெரியம்மா ஒரு சொத்தை மட்டும் யாருக்கும் இரவல் கொடுக்க மாட்டார். பொன்னியின் செல்வன், ஐந்து பாகம். கடையில் வாங்கியதல்ல. 1950லிருந்து 1954 வரை கல்கியில் தொடராக வந்தபோது பக்கங்களை உருவிச் சேர்த்து வைத்து, சிவாஜிநகரில் கொடுத்து பைண்டு செய்தது. கறுப்பு ரெக்சின் முதுகு, பழுப்பு அட்டை, முனை மழுங்காமலிருக்க மூலைக்கு மூலை துணி. பைண்டர் ஓரம் வெட்டும்போது கை தாராளமாகிவிட்டதால் பல பக்கங்களில் வரியின் கடைசி எழுத்து இருக்காது. படிக்கிறவர் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். மணியம் வரைந்த குந்தவையைத் திருப்பினால் பின்பக்கம் தலைவலி மாத்திரை விளம்பரம். அத்தியாயம் முடிந்து மிஞ்சிய இடத்தில் பாதி ஜோக் இருக்கும். மறுபாதி, வேண்டாமென்று எறிந்த பக்கத்தோடு போயிற்று. அந்த ஜோக்குகளுக்கு முடிவு யோசித்தே எனக்கு ஒரு கோடை விடுமுறை கழிந்தது.

அந்த ஐந்து பாகத்தையும் வைத்துக்கொண்டு பெரியம்மா எட்டு வீட்டுக்கும் ஆள் பிரித்தார். ஏரிக்கரையை ஒட்டிய மெட்ராஸ் சாப்பர்ஸ் படையிலிருந்து ஓய்வு பெற்ற சுபேதார்தான் பெரிய பழுவேட்டரையர்; வயது போன பிறகு கல்யாணம் செய்துகொண்டவர் என்பதால் போட்டியே இல்லாமல் தேர்வானார். கல்கி கணக்குப்படி அவர் உடம்பில் அறுபத்து நான்கு விழுப்புண்கள் இருக்க வேண்டும். சுபேதாருக்கு இருந்தது முழங்காலில் ஒன்று, அதுவும் லாரியிலிருந்து இறங்கும்போது பட்டது. "மீதி அறுபத்து மூணும் பெண்டாட்டி வாயால பட்டது" என்று பெரியம்மா கணக்கை நேர் செய்தார். ராத்திரி ஒன்பதரைக்கு வாசல் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும் வீட்டுக்காரர் சின்னப் பழுவேட்டரையர். தூரவாணிநகர் டெலிபோன் தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்ட் முடித்து நடுராத்திரி சைக்கிளில் வந்து, தினம் ஒரு புதுப் பொய் சொல்லிக் கேட்டைத் திறக்க வைக்கும் ஆறாம் நம்பர் அண்ணன் வந்தியத்தேவன். எல்.ஐ.சி. ஏஜெண்ட் ஒருவர் வருவார். எந்த வீட்டில் என்ன சமையல், யாருக்கு யார்மேல் கோபம், எவன் வேலை நிரந்தரமாகும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் ஆழ்வார்க்கடியான். பாலிசி எடுக்காதவர்களிடம் அவர் சைவ வைணவச் சண்டைக்கு இணையான வேகத்தோடு வாதாடுவார் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

விளையாட்டுக்கு ஒரே ஒரு சட்டம்: யாரும் தனக்குத் தானே பாத்திரம் எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்கு வந்தியத்தேவன்மீது கண். அந்த இடம் காலியாக இல்லை. காலியாக இருந்தாலும் எனக்குக் கிடைத்திருக்காது. தினமும் காலையில் கோயிலுக்குப் பூ வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிற பிள்ளை என்பதால் என்னைச் சேந்தன் அமுதன் ஆக்கிவிட்டார். பன்னிரண்டு வயதுப் பையனுக்குச் சேந்தன் அமுதன் ஆவது எப்பேர்ப்பட்ட அவமானம் என்று படித்தவர்களுக்குத் தெரியும். குதிரை கிடையாது, வாள் கிடையாது, பூக்கூடைதான். "கடைசிப் பாகம் வரைக்கும் படிச்சிட்டு வந்து அழு" என்றார் பெரியம்மா.

பள்ளிக்கூடத்தில் வேறு முறை. டிரில் மாஸ்டர் எங்களை வெயிலில் வரிசையாக நிற்க வைத்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணச் சொல்வார். ஒன்று சிவப்பு, இரண்டு நீலம், மூன்று பச்சை, நாலு மஞ்சள். அவ்வளவுதான் ஹவுஸ் பிரிப்பது. குணமாவது, வீரமாவது! என் சிநேகிதன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக வரிசையில் இடம் மாறி நின்று, இருவரும் அடுத்தடுத்த எண் வாங்கி, வேறு வேறு ஹவுஸில் விழுந்து, ஐந்து வருஷம் கயிறிழுக்கும் போட்டியில் எதிரெதிரே நின்றோம். வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் போர்டிங் பள்ளிகளிலிருந்து கொண்டுவந்து கண்டோன்மெண்டில் இறக்கிய சரக்கு இந்த ஹவுஸ். அவர்கள் போன பிறகும் நான்கு நிறமும் இங்கேயே தங்கிவிட்டன. அதே சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் பின்னாளில் ஒரு மந்திரப் பள்ளியின் நிறங்களாகி என் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கே திரும்பி வரும் என்று அன்று தெரியாது.

இந்த இரண்டையும்விடப் பெரிய பிரிவினை ஒன்று இருந்தது. அதற்கு எண்ணவும் வேண்டாம், படிக்கவும் வேண்டாம், பிறந்தால் போதும். இருபத்தேழு நட்சத்திரத்தை மூன்றால் வகுத்து, ஒன்பது தேவ கணம், ஒன்பது மனுஷ கணம், ஒன்பது ராட்சச கணம் என்று பஞ்சாங்கம் பிரித்து வைத்திருக்கிறது. பிரித்தவரின் தாராளம் கவனிக்கத்தக்கது: மூவுலகுக்கும் சமபங்கு. பையனுக்கு ராட்சச கணம் வந்தால் பெரிய பேச்சு இல்லை. பெண்ணுக்கு வந்தால், தேவ கணத்து மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்தைக் காபி டம்ளரோடு சேர்த்துக் கீழே வைத்துவிட்டுப் போவார்கள்.

பெரியம்மாவின் மகள், என் அக்கா, சதய நட்சத்திரம். ராட்சச கணம். ஊரையே வகை பிரித்த வீட்டில், தரகர் ஒருவர் மடித்த காகிதத்தை வைத்துக்கொண்டு வந்து பெண்ணை வகை பிரித்துவிட்டுப் போனார். அக்கா அப்போது டைப்ரைட்டிங் ஹையர் முடித்திருந்தாள், கணக்கில் புலி, குழாயடியில்கூடக் குரல் உயர்த்தாதவள். தேவ கண மாப்பிள்ளைகள் மூன்று பேர் வரிசையாகப் போனதும், பெரியம்மா ஐந்தாம் பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தரகரிடம் கேட்டார்: "ராஜராஜ சோழன் என்ன நட்சத்திரம்?" ஐப்பசி சதயம். தஞ்சாவூரில் வருஷா வருஷம் சதய விழா எடுக்கிறார்களே, அதுதான். ஆக, பொன்னியின் செல்வனே ராட்சச கணம். அவரோடு நிற்கவில்லை பெரியம்மா. மூல நட்சத்திரத்து அனுமார் ராட்சச கணம். வைகாசி விசாகத்து முருகனும் அதே. விசாகம் ஒத்துக்கொள்ள மாட்டேன், கார்த்திகைதான் என்று அடம் பிடித்தாலும் கார்த்திகையும் ராட்சச கணம்தான். முருகனுக்குத் தப்பிக்க வழியில்லை. தரகர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிம்மா. அவங்க யாரும் பொண்ணு இல்லையே" என்றார். அந்த வாதத்துக்குப் பெரியம்மாவிடம் பதில் இல்லை. எனக்குத் தெரிந்து அவர் பதில் இல்லாமல் நின்றது அந்த ஒரு தடவைதான்.

1981ல் கோலார் தங்கவயலிலிருந்து இன்னொரு ராட்சசர் கிடைத்தார். சித்திரை நட்சத்திரம், சுரங்கக் கம்பெனியில் கணக்குப் பிரிவு. கணத்துக்குக் கணம் பொருந்திவிட்டது. அந்த ராட்சசர், அதாவது என் மாமா, எறும்பு வரிசை குறுக்கே போனால் நின்று வழிவிட்டுவிட்டுப் போகிறவர்.

இதற்கிடையே ஜாலஹள்ளிப் பக்கம் வேறொரு காற்று அடித்துக்கொண்டிருந்தது. எழுத்தாளர் சுஜாதா பி.இ.எல்.லில் வேலை பார்த்துக்கொண்டே வக்கீல்கள் கணேஷையும் வசந்தையும் எழுதிக்கொண்டிருந்த காலம். பிற்காலத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய குழுவில் இருந்தவர் அவர். ஆனால் தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தைப் பெங்களூர்த் தமிழ் இளைஞர்களுக்கு அதற்கு முன்பே பழக்கிவிட்டார் என்பது என் கட்சி. எச்.ஏ.எல்., எச்.எம்.டி., ஐ.டி.ஐ. என்று எந்தத் தொழிற்சாலைத் தமிழன் ரூமுக்குப் போனாலும், ஒன் பை டூ காபியில் பாதியை ஊதிக் குடித்துக்கொண்டு, "நான் வசந்த் டைப்" என்பான். ஒரு ரூமில் நான்கு வசந்த் இருப்பார்கள். கணேஷ் ஆக யாரும் முன்வரவில்லை. கேஸை யார் நடத்துவது என்று கேட்டால் பதில் இல்லை. பெரியம்மாவின் சட்டம் முதலில் உடைந்தது அங்கேதான்.

ஆளைப் பிரிப்பதில் சிரிப்பில்லாத வகையும் ஒன்று உண்டு. 1991 டிசம்பரில், காவிரிக் கலவரத்தில், கடைப் பலகையின் எழுத்தைப் பார்த்தே இந்த ஊரில் ஆள் பிரித்தார்கள். யாருக்கும் கேள்வித்தாள் கொடுக்கவில்லை. அல்சூர் ஏரிக்கரையில் அதே வருஷம் வைத்த திருவள்ளுவர் சிலை, இவரை எந்த வீட்டில் சேர்ப்பது என்று முடிவாகாததால், 2009 ஆகஸ்ட் வரை மூடியபடியே நின்றது. அந்தப் பக்கம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞருக்கு இடம் கொடுத்த பிறகுதான் இந்தப் பக்கம் துணி விலகியது. இரண்டு திறப்பு விழாவும் ஒரே வாரத்தில் நடந்து முடிந்தன. பதினெட்டு வருஷம் தொப்பிக்குள்ளேயே தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாணவர் உலக இலக்கியத்தில் வேறு யாரும் இல்லை.

தொப்பி என்றதும் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹாரி பாட்டர் கதையில் ஹாக்வார்ட்ஸ் என்று ஒரு மந்திரப் பள்ளி. பதினொரு வயதில் சேரும் பிள்ளைகளை முக்காலியில் உட்கார வைத்து ஒரு பழைய தொப்பியைக் கவிழ்ப்பார்கள். தொப்பி மனசுக்குள் எட்டிப் பார்த்து, தைரியசாலியை கிரிஃபிண்டாரிலும், அறிவாளியை ராவன்க்ளாவிலும், உழைப்பாளியை ஹஃபிள்பஃபிலும், காரியவாதியை ஸ்லிதரினிலும் போடும். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. எங்கள் டிரில் மாஸ்டருக்குச் சம்பளம் மிச்சம்.

1997ல் முதல் புத்தகம் வந்தபோது என் மகளுக்கு நடக்கத்தான் தெரியும். 2007 ஜூலை 21 அன்று ஏழாவது புத்தகம் வந்தபோது, விடியற்காலையில் என்னை எழுப்பிப் புத்தகக்கடை வரிசையில் நிறுத்தத் தெரிந்திருந்தது. முந்தைய புத்தகங்களைச் சர்ச் ஸ்ட்ரீட் ப்ளாஸம் கடையில் பழைய விலைக்கு வாங்கிய குடும்பம் நாங்கள். கடைசிப் புத்தகத்துக்கு மட்டும் அந்தச் சிக்கனம் செல்லாது என்று சொல்லிவிட்டாள். வரிசையில் கறுப்பு அங்கியும் மூக்குக் கண்ணாடியுமாகப் பிள்ளைகள். ஒரு பையன் நெற்றியில் மின்னல் கோட்டைக் குங்குமத்தால் போட்டிருந்தான். பின்னால் நின்ற அவன் பாட்டி, கோயிலுக்குப் போய்விட்டு வந்த முகத்தோடு, அது அழியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

2012 வாக்கில் இணையத்திலேயே தொப்பி வந்துவிட்டது. எழுத்தாளரே ஒப்புக்கொண்ட கேள்வித்தாள்: விடியலா அந்தியா, காடா ஆறா, உன்னை என்னவென்று சொன்னால் அதிகம் வலிக்கும், சாதாரணமானவள் என்றா, கோழை என்றா? என் மகள் ராவன்க்ளா ஆனாள். முதல் தடவை வந்தது வேறு என்றும், பிடிக்காமல் இன்னொரு பெயரில் திரும்ப எழுதினாள் என்றும் பின்னால் தெரிய வந்தது. அதைத் தப்பென்று சொல்ல முடியாது. கதையில் ஹாரியே ஸ்லிதரின் வேண்டாம், வேண்டாம் என்று தொப்பியிடம் கெஞ்சித்தான் கிரிஃபிண்டார் வாங்குகிறான். நட்சத்திரத்திடம் அப்படிக் கெஞ்ச முடியுமா? அக்கா கெஞ்சியிருக்க மாட்டாள், அது வேறு.

இப்போது 2022க்கு வருகிறேன். செப்டம்பர் 30ல் மணிரத்னத்தின் முதல் பாகம் வெளியாகி, அவுட்டர் ரிங் ரோட்டில் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கெல்லாம் திடீரென்று சோழ நாட்டு நெரிசல் புரிய ஆரம்பித்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளும் அவள் ஆபீஸ் சிநேகிதர்களும் எங்கள் சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டார்கள். பீட்சா அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து, எண்ணெய்க் கறை படாத பக்கத்தில் மார்க்கரால் ஜாதகம் எழுதுகிற மாதிரி கட்டம் போட்டார்கள். பன்னிரண்டு இல்லை, நாலு. பொன்னியின் செல்வன் ஆட்களை ஹாக்வார்ட்ஸ் வீடுகளில் குடியேற்ற வேண்டும். அக்காவும் மாமாவும் அன்று வந்திருந்தார்கள்; 2001ல் தங்கவயல் மூடிய பிறகு அவர்களும் பெங்களூர்க்காரர்கள்தான்.

வந்தியத்தேவன் கிரிஃபிண்டார் என்று மகள் எழுதி முடிப்பதற்குள் சென்னைப் பையன் கையைப் பிடித்தான். "எதுல தைரியம்? தஞ்சாவூர்க் கோட்டைக்குள்ள நுழையறதே நந்தினி கொடுத்த மோதிரத்தைக் காட்டித்தான். வாயைத் திறந்தா பொய். ஸ்லிதரின்." நடுராத்திரி சைக்கிளில் வந்த ஆறாம் நம்பர் அண்ணனை நினைத்துக்கொண்டேன், வாயைத் திறக்கவில்லை. குந்தவைக்கு அரை மணி நேரம் ஆனது. புத்திசாலி, ஆகவே ராவன்க்ளா என்றது ஒரு கட்சி. மகள் ஒப்புக்கொள்ளவில்லை. "அவ யோசிக்கறது அறிவுக்காக இல்ல, சிம்மாசனத்துக்காக. பழையாறையில உட்கார்ந்துகிட்டு ஈழம் வரைக்கும் ஆள் அனுப்பறா. தம்பி, அண்ணன், காதலன் எல்லாரும் அவ ஓலையைத் தூக்கிட்டு ஓடறாங்க." சொல்லிவிட்டு ஸ்லிதரின் கட்டத்தில் எழுதினாள். எனக்கு அந்தத் தீர்ப்பு பிடித்திருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வந்தியத்தேவன் வருவதே குந்தவையின் கணவன் என்ற வகையில்தான்; கல்வெட்டு வெட்டினவர்களுக்கும் யார் யாரை நடத்தினார்கள் என்று தெரிந்திருக்கிறது.

நந்தினிக்கு விவாதமே நடக்கவில்லை. ஸ்லிதரின். ஐம்பது வருஷமானாலும் அந்தப் பெண்ணின் பிழைப்பு மாறவில்லை. கன்னடத்துப் பெண் ஒருத்தி மட்டும், தமிழ் பேசுவாள், "நம்ம பால் பாக்கெட்டையா ஸ்லிதரின்ல போடறீங்க?" என்று சிரித்தாள். இந்த ஊரில் நந்தினி என்றால் காலையில் வாசலுக்கு வருகிற பால் அல்லவா. அப்போதுதான் அக்கா, தட்டில் பீட்சாவை ஸ்பூனால் வெட்டிக்கொண்டே, முதல் தடவையாகப் பேசினாள். "காலைப் பிடிச்சுக் கெஞ்சியும் கேக்காம கண் முன்னால புருஷன் தலையை வெட்டறான். பழி வாங்குவேன்னு சபதம் பண்றா. உயிரைப் பத்திக் கவலைப்படாம எதிரி அரண்மனைக்குள்ளயே போய் உட்கார்றா. இதையே ஒரு ஆம்பளை பண்ணினா எந்த வீட்ல போடுவீங்க?" மேஜை ஒரு நிமிஷம் சும்மா இருந்தது. மார்க்கரைக் கையில் வைத்திருந்த பையன் நந்தினியை அடித்துவிட்டு கிரிஃபிண்டார் கட்டத்தில் எழுதினான். தரகரிடம் பெரியம்மா தோற்ற வழக்கை அவர் மகள் மேல்முறையீட்டில் ஜெயித்தாள் என்று எனக்குப் பட்டது.

கன்னடப் பெண்ணுக்கும் ஆவேசம் வந்து, எஸ்.எல். பைரப்பாவின் பர்வாவிலிருந்து மகாபாரத ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினாள். கர்ணனை எங்கே போடுவது என்பதில் தமிழ், கன்னட ஒற்றுமை முழுமையாக ஏற்பட்டது: இருந்த இடம் ஸ்லிதரின், குணம் ஹஃபிள்பஃப். துரியோதனனிடம் ஒரு மாற்றல் விண்ணப்பம் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும்.

சேந்தன் அமுதனை யோசிக்காமல் ஹஃபிள்பஃபில் எழுதினார்கள். பூக்கட்டுகிறவன், சாது, நல்லவன். "அப்பா மாதிரி" என்றாள் மகள். அவளுக்கு அல்சூர்ப் பழைய கதை தெரியாது. ஐம்பது வருஷ இடைவெளியில், இரண்டு தேசத்து மந்திரம் ஒரே முடிவுக்கு வந்திருந்தது. நான் மெதுவாக, கடைசிப் பாகத்தில் சோழ சிம்மாசனத்தில் ஏறி உத்தம சோழன் ஆகிறவன் அந்தப் பூக்கூடைப் பையன்தான் என்று சொன்னேன். மதுராந்தகன் என்று வளர்ந்தவன் வேறு, நிஜ மதுராந்தகன் இவன். சென்னைப் பையன் காதைப் பொத்திக்கொண்டு, "ஸ்பாய்லர், அங்கிள்!" என்று கத்தினான். 1954ல் முடிந்த கதை, ஐயா. 

ஆனால் அது கேள்வியைக் கிளப்பிவிட்டது. ராஜாவாகப் போகிறவனை ஹஃபிள்பஃபில் வைக்கலாமா? கிடைத்த ராஜ்யத்தைத் தூக்கிக் கொடுக்கிற அருள்மொழிவர்மனை எங்கே வைப்பது? ஹாரி பாட்டர் கதையிலும் இதே தலைவலி உண்டு. நண்பனைக் காட்டிக்கொடுத்த பீட்டர் பெட்டிக்ரூ தைரியசாலிகளின் கிரிஃபிண்டார். உயிரைப் பணயம் வைத்து உளவு பார்த்த ஸ்னேப் ஸ்லிதரின். பதினொரு வயதில் பிரிப்பது அவசரமோ என்று தலைமை ஆசிரியர் டம்பிள்டோரே ஓரிடத்தில் சந்தேகப்படுகிறார். பதினொரு வயதுக்கே இப்படி என்றால், பிறந்த நாழிகையிலேயே பிரித்துவிடுகிற எங்கள் பஞ்சாங்கத்தை அவர் பார்த்திருக்க வேண்டும்.

மகளின் ஆபீஸில் இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மேஜையிலும் லேமினேட் செய்த அட்டை. அதில் நான்கு எழுத்து. இவள் ஐ.என்.டி.ஜே. பதினாறு வகையில் ஒரு வகையாம். மையர்ஸ்-பிரிக்ஸ் என்ற அந்த முறையை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் ஓர் அம்மாவும் மகளும் சேர்ந்து உருவாக்கினார்கள். இருவரும் மனோதத்துவத்தில் பட்டம் வாங்கியவர்கள் அல்ல. மகள் இசபெல் மையர்ஸ் அதற்கு முன்பு துப்பறியும் நாவல் எழுதிப் போட்டியில் பரிசு வாங்கியவர். கடைசியில் இதுவும் ஒரு கதாசிரியரின் கைவரிசைதான். மனிதவளத் துறையிடம் சொன்னால் வருத்தப்படுவார்கள். நான் கவனித்தது வேறு. அந்தப் பதினாறில் ஒன்றுகூட மோசமான வகை கிடையாது. பொறாமைக்காரர் என்று ஒரு கட்டம் இல்லை, கடன் வாங்கித் திருப்பித் தராதவர் என்று ஒரு கட்டம் இல்லை. குழாயடியில் முதலில் நிரப்புகிறவருக்குத் 'தலைமைப் பண்பு'. எல்லாக் கேள்விக்கும் நாமே பதில் சொன்னால் எல்லாரும் வசந்த்தான் ஆவோம். ஸ்லிதரினுக்குக்கூட இன்று மவுசு. பச்சை டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு "நான் அப்படித்தான்" என்று பெருமையாகத் திரிகிறார்கள். ராட்சச கணம் என்று டீ-ஷர்ட் போட்டு அக்காவை அன்று அனுப்பியிருந்தால் ஊர் என்ன சொல்லியிருக்கும்!

ஜாதகம் பார்த்துத்தான் கல்யாணம் என்றால் கல்யாணமே வேண்டாம் என்று எங்கள் வீட்டில் மூன்று வருஷத்துக்கு முன்பே அறிவிப்பு வந்துவிட்டது. எனக்கும் உடன்பாடே, அக்கா பட்டதைப் பார்த்தவன். ஆனால் அன்று மேஜையில், மகளின் சிநேகிதி தான் ஒரு பையனை வேண்டாமென்று சொன்ன காரணத்தை விளக்கினாள். நல்ல பையன், நல்ல வேலை, பேச்சும் பரவாயில்லை. "பட் ஹஃபிள்பஃப். எனக்கு செட் ஆகாது." சுற்றியிருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். கிரிஃபிண்டாருக்கு ஹஃபிள்பஃப் சரிப்படும், ஸ்லிதரினுக்கு ராவன்க்ளா சுமார், இரண்டு ஸ்லிதரின் ஒரே வீட்டில் இருந்தால் தாங்காது என்று பொருத்தம் பார்க்க ஆரம்பித்தார்கள். தரகருக்குப் பத்துப் பொருத்தம் தேவைப்பட்டது. இவர்களுக்கு ஒன்று போதும். மாமா மட்டும் கைகழுவிக்கொண்டே, "ராட்சசனுக்கு ராட்சசி ஒத்து வரும். அதுக்கு நான் கேரண்டி" என்றார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை.

சிநேகிதர்கள் போன பிறகு, தொப்பியின் கேள்விகளை மாமாவிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று மகளுக்குத் தோன்றியது. போனில் தொப்பியைத் திறந்தாள். மாமா உள்ளே போய் டி.வி. முன் உட்கார்ந்துவிட்டார். "அவரை எதுக்கு எழுப்பணும், நான் சொல்றேன் போடு" என்றாள் அக்கா. விடியலா அந்தியா? "விடியல். நாலரைக்கே எழுந்து பாத்திரத்தை உருட்டுவார்." காடா ஆறா? "ஆறு. கரையில நிப்பார், இறங்க மாட்டார்." என்ன சொன்னால் வலிக்கும்? அக்கா அதற்கு மட்டும் யோசித்தாள். "சுயநலம்னு சொன்னா ரெண்டு நாள் சாப்பிட மாட்டார்." மகள் கடைசிப் பொத்தானை அழுத்தினாள். மஞ்சள் கொடி பறந்தது. ஹஃபிள்பஃப்.

டி.வி. சத்தம் குறைந்தது. "என்னைக் கேக்காம யார் எழுதினது? அழிச்சிட்டு மறுபடி போடுங்க" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார் மாமா. "இல்லாட்டி இப்ப உங்க அத்தைக்குப் போடு. நான் பதில் சொல்றேன்."

"எனக்குத்தான் எண்பத்தொண்ணுலயே போட்டாச்சே" என்று அக்கா நாற்காலியை மகள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நீ எங்க சம்பந்தியம்மாவுக்குப் போடும்மா. அவங்களுக்கு நான் யோசிக்கவே வேண்டாம்."